ஊரப்பாக்கத்தில் ஒரு கடற்கரை

பீச் வாலிபாலின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: எங்கள் ஊரப்பாக்கம் காலனி நலச்சங்கம் அதில் தலையிடுவதற்கு முன்பு, தலையிட்ட பின்பு. செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

தலைவர் சுந்தரராமன் சார் மகளைப் பார்க்க அமெரிக்கா போனவர், அங்கே கடற்கரையில் வலை கட்டி, பக்கத்துக்கு இருவராக ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த முதல் ஞாயிறே அவசரக் கூட்டம்.

"நம்ம காலனிக்கு ஒரு பீச் கல்ச்சர் வேணும்," என்றார்.

"கடல் வேணாமா சார்?" என்று கேட்டார் துணைத்தலைவர் தனசிங்.

"கடல் அடுத்த கட்டம்."

மினிட்ஸில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

நாலு பேர் ஆடும் ஆட்டத்துக்குப் பதினொரு பேர் கொண்ட குழு அமைந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் லாரி லாரியாக மணல் கொட்டி, சலித்து, வேலி போட்டு, கதவுக்குப் பூட்டும் போட்டோம். அங்கே தினமும் கயிறு கட்டி வாலிபால் ஆடிக்கொண்டிருந்த ரூக்சார், நித்யஸ்ரீ என்ற இரண்டு பிளஸ் டூ பெண்களை 'வளர்ச்சிப் பணி' காரணமாக அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. திறப்பு விழாவில் தலைவர் இந்த ஆட்டத்தின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். 1996இல் அதை ஒலிம்பிக்கில் சேர்த்ததைச் சொன்னபோது, ஏதோ தன் சிபாரிசில் நடந்ததுபோல் கும்பிட்டார். பந்து வாங்கத்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் மாலை அந்த இரண்டு பெண்களும் சொந்தப் பந்தோடு வந்து நின்றார்கள்.

"சார், மூணு வாரத்துல மாவட்ட செலக்‌ஷன். மணல்லதான் நடக்குது. டெய்லி ஒரு மணி நேரம் விட்டா போதும்," என்றாள் நித்யஸ்ரீ.

திரும்பி மணலைப் பார்த்தேன். படிய வாரிய தலைபோல் இருந்தது.

"ஆடினா மணல் கலையுமேம்மா?"

"ஆடினா கலையத்தானே சார் செய்யும்?" என்றாள் ரூக்சார்.

"கலையாம ஆடறதுதாம்மா கலை!"

என்னுடைய இந்தச் சிலேடையை அடுத்த கூட்டத்தில் குழு கைதட்டி வரவேற்று, தீர்மானமாகவே நிறைவேற்றியது. பெண்களின் மனு 'பரிசீலனை'க்குப் போனது.

ரூக்சாரின் அப்பா அக்தர், ஏசி மெக்கானிக், நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், பேஜாரா கீது? மணல் கொட்டுனது ஆடறதுக்கா, வடாம் காய வெக்கறதுக்கா?"

"பராமரிக்கறதுக்கு, பாய்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அடுத்த நாளிலிருந்து, விடியற்காலை மின்சார ரயிலில் இரண்டு பெண்களையும் தாம்பரத்துக்கும், அங்கிருந்து பஸ்ஸில் திருவான்மியூர் கடற்கரைக்கும் கூட்டிப்போனார். பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் திரும்பியாக வேண்டும். மகள் ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறாள் என்று நித்யஸ்ரீயின் அம்மா ப்ரியா என்னிடம் கண்கலங்கினார். "பயணம் நல்ல அனுபவம்மா," என்று தேற்றினேன்.

இருவரும் மாவட்ட அணிக்குத் தேர்வானார்கள். மாநிலப் போட்டியில் வெண்கலமும் வாங்கிவிட்டார்கள். செய்தி வந்த அன்றே பேனர் அடித்தோம்: குழுவினர் பதினொரு பேரின் சிரித்த முகங்கள், மூலையில் ஒரு பதக்கம். ஆடினவர்கள் படத்துக்கு இடம் போதவில்லை.

பாராட்டு விழா மணலின் ஓரத்தில் நடந்தது. தலைவர் மைக்கை ரூக்சாரிடம் நீட்டினார்.

"இந்த வெற்றியில நம்ம மைதானத்தோட பங்கு பத்தி ரெண்டு வார்த்தை சொல்லும்மா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, மைக்கோடு மணலில் இரண்டடி நடந்தாள். குனிந்து பார்த்தாள்.

"ரொம்ப சுத்தமா இருக்கு சார். ஒரு காலடிகூட இல்ல. நாங்க இதுல கால் வெக்கறது இன்னிக்குத்தான்."

புகழ்கிறாள் என்று நினைத்து முதலில் கைதட்டியவன் நான். நாலு தட்டு தட்டிய பிறகுதான் தெரிந்தது, வேறு யாருமே தட்டவில்லை. அந்த அமைதியில் கலகலவென்று கேட்டதெல்லாம், என் கையிலிருந்த வேலிக்கதவின் சாவிக்கொத்துதான்.