தட்டைப் பிடித்த கைக்குக் காப்புரிமையா?

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவன், இப்போதைக்கு உன் எதிர்த்தரப்பு, எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அங்கு உன் நலத்தையும், நேற்று மூன்று மணி நேரம் கத்திய உன் வக்கீலின் தொண்டை நலத்தையும் அறிய ஆவல்.

விமான இறக்கையில் உறையும் பனியை உருக்கும் திரவத்தை யார் வேண்டுமானாலும் கலக்கலாம். அது வழிந்தோடாமல் இறக்கையிலேயே ஒட்டி நிற்க ஒரு பொடி வேண்டும், பொடிக்கு ஓர் அளவு வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தவன் நான், என் வீட்டுச் சமையலறையில், என் வீட்டுக் கரண்டியால். அன்றைக்கு நீ செய்ததெல்லாம் பனி உறைந்த தட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, "அத்தான், கை மரத்துப்போச்சு" என்று முனகியதுதான். அப்புறம் போட்டிக் கம்பெனியில் சேர்ந்தாய், சரி, பிழைப்பு. ஆனால் என் கம்பெனி என் பெயரில் காப்புரிமை கேட்ட அதே வாரம், அதே ஃபார்முலாவுக்கு உன் கம்பெனி உன் பெயரில் மனுப் போடுகிறதே, நான் என்ன காதில் பூ வைத்துக்கொண்டா இருக்கிறேன்?

காப்புரிமை அலுவலகத்தில் நேற்று நடந்த விசாரணைக் கூத்தை நீயும்தான் பார்த்தாய். பனி உறைந்த தகட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். யார் திரவத்தை முதலில் ஊற்றுவது என்று நம் வக்கீல்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள், அறை ஹீட்டரிலேயே பனி உருகி மேஜையில் வழிந்து அதிகாரியின் ஷூவுக்குள் போய்விட்டது. அவர் காலை உதறிக்கொண்டே, "இது யாரோட ஃபார்முலாய்யா?" என்று கேட்க, வெட்கமில்லாமல் நீயும் கையைத் தூக்கினாய், நானும் தூக்கினேன். "மனுப் போடறதுக்கு முன்னாடி இதை வெளியில சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேருக்குமே காப்புரிமை கிடையாது" என்றார். "எங்க வீட்டுச் சுவத்துக்குக்கூடத் தெரியாதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதற்கு மட்டும் நீயும் தலையாட்டினாய்.

இருபத்தாறு வருஷமாக ஆய்வகத்தில் கலக்குகிறேன். என் பெயர் எழுதியிருப்பது என் சாப்பாட்டு டப்பாவில் மட்டும்தான். ஒரே ஒரு தாளில் அது அச்சில் வரணும்னு ஆசைப்பட்டேன், அதையும் பிடுங்கறியேடா. வருத்தமாக இருக்கிறது. மனுவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வராதே.

உன் மனைவிக்கு ஆசிகள், குழந்தைகளுக்கு முத்தங்கள், உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையில் போட்டு ஒட்டச் சொல்லி இதை உன் அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, என்னை எங்கள் அடுக்குமாடி லிஃப்டுக்குள் கூட்டிப்போனாள். தரைத்தளத்தில் குடியிருக்கும் நான் அதில் ஏறியதே இல்லை. உள்ளே சுவரில் ஓர் அறிவிப்பு, பளபளவென்று லேமினேஷனில்: "கார் கண்ணாடியில் பனியா? இதைக் கலந்து தெளிக்கவும்." கீழே முழு ஃபார்முலா, நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்கும் கீழே: "பொடி போடச் சொன்னது என் தம்பி, அளவு கண்டது என் வீட்டுக்காரர்." இருவர் பெயரும் அச்சில், கொட்டை எழுத்தில். "எல்லாரும் கண்ணாடியச் சுரண்டிக்கிட்டு நின்னாங்க, பாவமா இருந்துச்சு" என்கிறாள். நாலாவது மாடிக்காரர் வேறு, "நாங்க வருஷா வருஷம் பக்கெட்ல கலக்கறோம் சார்" என்று கைகுலுக்கினார். ஆக, ரெண்டு பேருக்கும் கிடையாது. பொடி போடச் சொன்னது நீதான், எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, லிஃப்டில் நாலைந்து தடவை போய் வரலாம். உன் பெயரை முதலில் போட்டிருக்கிறாள். அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசவேண்டும்.