கண்டக்டர் கேட்ட கேள்வி

வேலை தேடுகிறவளுக்கு முதலில் தைரியம் போகும், பிறகு புத்தி போகும். எனக்கு இரண்டும் ஒரே பஸ்ஸில் போயின.

பெரம்பலூரில் பி.இ. முடித்துவிட்டு ஒன்பது இன்டர்வியூவில் தோற்றிருந்தேன். பத்தாவது அழைப்பு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையிலிருந்து வந்தபோது சந்தோஷம் வரவில்லை. இதுவும் போனால் இனி யாருக்கும் விண்ணப்பமே போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அம்மா காரணம் கண்டுபிடித்திருந்தார். ஒன்பது முறையும் கிளம்புகிற நேரத்தில் யாரோ "எங்க போற?" என்று கேட்டுவிட்டார்களாம். அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். ஆகவே அன்று அப்பா வாயையே திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தையும், தான் போட்டு முடித்த கோலத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் (முந்தின நாளே அம்மா போய்ச் சொல்லி வைத்திருந்தார்). யாரும் கேட்காமல் பஸ் ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே சம்பளம் வாங்குகிற மனிதர் ஒருவர் இருப்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. நாலு ரோட்டில் இறங்கி வீட்டுக்கே திரும்பிவிட்டேன். (சகுனம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். திரும்பிவர ஒரு சாக்கு கிடைத்ததில் அப்படி ஒரு நிம்மதி.)

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அவரு பஸ்ல அம்பது பேரையும்தான் கேக்குறாரு. அம்பது பேருக்குமா வெளங்காம போச்சு?"

அம்மா போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். "கெளம்பு. யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன். எனக்கென்ன வேலையா கெடைக்கணும்?"

அடுத்த பஸ்ஸில் அம்மாதான் "அரியலூரு ரெண்டு" என்றார். வழி முழுக்க என் கையை விடவில்லை. நானும் உருவிக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரம் தாமதம். ஆனாலும் உள்ளே விட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிக் கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். கடைசியில் நடுவில் இருந்தவர் கேட்டார்: "இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?"

மறுபடியும் அதே கேள்வி. என்னை அறியாமல் கதவைப் பார்த்தேன்.

"அம்மா வெளிய இருக்காங்க சார். அவங்கதான் சொல்லுவாங்க."

வேலை கிடைக்கவில்லை. ஆனால் திரும்பும் பஸ்ஸில் இதைச் சொன்னபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பல மாதங்களில் முதல் முறையாக நானும் சிரித்தேன். மறுநாள் காலையிலேயே உட்கார்ந்து அடுத்த விண்ணப்பத்தைப் போட்டேன்.

பன்னிரண்டாவதில் வேலை கிடைத்தது. இப்போதும் லீவு முடிந்து நான் பையைத் தூக்கினால், அப்பா என்னைக் கேட்பதில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்கிறார்: "ஒம் மவ எங்க போறா?"

அம்மா அங்கிருந்தே, ஒவ்வொரு முறையும், கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறார்: "வேலைக்குப் போறா."