வாழைக்கறை பட்ட கைலி

“என் கைலி எங்க லீலா?”

நல்லசாமி அன்று காலையில் கேட்பது இது மூன்றாவது தடவை. லீலாவதி தையல் மெஷினிலிருந்து காலை எடுக்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் கேள்வி காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அந்த மெஷின் அவளுக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

“லீலா!”

“எந்தக் கைலி?”

“எந்தக் கைலியா? பச்சைக் கட்டம்! நான் கட்டுறதே அது ஒண்ணுதானே!”

அது உண்மைதான். அலமாரியில் ஒன்பது கைலிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. எல்லாம் தீபாவளிக்கு வந்தவை. மனிதர் ஒன்றைக்கூடத் தொடமாட்டார். பதினோரு வருஷமாக அந்தப் பச்சைக் கட்டம்தான். அதைக் கட்டிக்கொண்டுதான் கொல்லையில் வெண்டைக்குப் பாத்தி கட்டுவார், வாழைக்குலை வெட்டுவார், செய்தி பார்ப்பார், தூங்குவார். வாழைக்கறை பட்டுப் பட்டு அதன் ஒரு பக்கம் உலக வரைபடமாகவே ஆகிவிட்டிருந்தது.

“ஞாயித்துக்கிழமை துவைச்சுக் காயப்போட்டேன். அங்கதான் எங்கயாச்சும் கெடக்கும், நல்லாப் பாருங்க.”

அவர் கொல்லைப் பக்கம் போனார். கட்டிக்கொள்ள வேறு இல்லாமல், மகனுடைய பழைய பள்ளிக்கூட விளையாட்டுக் கால்சட்டையைப் போட்டிருந்தார். லீலாவதி மெஷினை நிறுத்தி, ஊசிக்குக் கீழே இருந்த துணியைப் பார்த்தாள். பச்சைக் கட்டம். மூலையில் பழுப்பாக ஒரு வாழைக்கறை.

அவசரமாக அதன்மேல் வேறொரு துணியை இழுத்துப் போட்டாள்.

லீலாவதியின் தொழில் ஒட்டுப் போர்வை தைப்பது. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைக்கவேண்டும். மின்மினி பார்க்கக் கோலா சிலாங்கூருக்கு வருகிறவர்கள் தங்கும் வீடுகளில் அவள் போர்வைகள்தான் கட்டிலில் கிடக்கும். காலையில் கொல்லை, மத்தியானம் அடுப்பு, மற்ற நேரமெல்லாம் மெஷின். ஞாயிற்றுக்கிழமையானால் பத்தாங் காலியிலிருந்து நாத்தனார் விஜயராணி குடும்பத்தோடு வந்து இறங்குவாள். வரும்போது ஒரு பாக்கெட் பிஸ்கட். போகும்போது பாதிக் கொல்லை.

இப்போது மெஷினில் இருந்தது தங்கும் வீட்டுக்கான போர்வை இல்லை. சாப்பாட்டுக் கடை ஜாபர் பாய் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவருடைய பழைய கைலிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மகள் ஷஹீதா கொண்டுவந்து கொடுத்திருந்தாள். “உம்மாவுக்குப் போர்வையா தைச்சுக் குடுங்க ஆன்ட்டி. வாப்பா பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்னு சொல்றாங்க.”

அந்த உம்மாதான் ரஹ்மத் அக்கா. லீலாவதி தைத்த முதல் போர்வையை யாரும் வாங்காதபோது வாங்கிக்கொண்டு, கடைச் சுவரில் மாட்டி, ரொட்டி சானாய் சாப்பிட வந்தவர்களை எல்லாம் அதைப் பார்க்க வைத்தவள். அவள் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை. வரும் சனிக்கிழமையோடு அவள் துக்கம் காக்கும் இத்தாக் காலம் முடிகிறது. நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தவள், “வெளியேறினா மொதல்ல உன் வீட்டுக்குத்தான் வருவேன் லீலா, போர்வைய நானே வந்து வாங்கிக்கிறேன்” என்று ஃபோனில் சொல்லியிருந்தாள்.

நடந்தது இதுதான். போன ஞாயிறு பாய் கைலிகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதே கொடியில் கணவர் கைலியும் காய்ந்தது. அன்றைக்கென்று விஜயராணி கூட்டம் வேறு. கோழிக் கறி ஒரு அடுப்பில், சோறு ஒரு அடுப்பில். விஜயராணியோ தன் புதுக் காரின் சீட்டில் பலாப்பழப் பால் ஒட்டிவிடக்கூடாதே என்று கொல்லைக்கும் காருக்கும் நாலு நடை நடந்துகொண்டிருந்தாள். மழை இருட்டிக்கொண்டு வர, லீலாவதி கொடியில் கிடந்ததை மொத்தமாக அள்ளி வந்து கூடையில் போட்டாள். திங்கட்கிழமை உட்கார்ந்து கத்தரித்தாள். பச்சைக் கட்டம் ஒன்றுதான் இருந்தது. அது யாருடையது என்று அப்போது அவள் யோசிக்கவே இல்லை.

இப்போது கறையைப் பார்த்ததும் ஷஹீதாவுக்கு ஃபோன் போட்டாள். “எத்தனை கைலிம்மா குடுத்த?”

“கவுன்ட் பண்ணல ஆன்ட்டி. அலமாரியில இருந்தத அப்படியே அள்ளிப் போட்டேன். ஏன், பத்தலையா?”

“பத்தும் பத்தும்” என்று வைத்துவிட்டாள்.

நல்லசாமி திரும்பி வந்தார். “கொடியில இல்ல.”

“காத்துல பறந்திருக்கும்” என்றாள் லீலாவதி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு அந்த நேரத்தில் கிடைத்த சோறு அவ்வளவுதான்.

நல்லசாமி காற்றைத் துரத்திக்கொண்டு கிளம்பினார். வாசலில் ஓடும் லோங்காங் சாக்கடையில் குச்சி விட்டுத் துழாவினார். பக்கத்து வீட்டு அழகேசனின் கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அழகேசன் இடுப்பையே உற்றுப் பார்த்தார்.

“என்னண்ணே, என் கைலியவே பாக்கிறீங்க?”

“இல்ல... எப்ப வாங்கினது?”

அழகேசன் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. அதோடு விட்டாரா? தாமான் குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில், “நல்லசாமியின் பச்சைக் கட்டக் கைலி காற்றோடு போய்விட்டது. கண்டவர்கள் தெரிவிக்கவும்” என்று போட்டார். யாரோ அவசரத்தில் பாதி படித்துவிட்டு ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று பதில் போட, அவரைத் தொடர்ந்து பதினேழு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் மாலையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் நல்லசாமி.

மாலையோடு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, லீலாவதி வியாழக்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு ஓடினாள். அதே பச்சைக் கட்டத்தில் புதுக் கைலி ஒன்று வாங்கிவந்தாள். நல்லசாமி அதைக் கட்டிக்கொண்டு பத்தடி நடந்தார். நடக்க நடக்க மடமடவென்று சத்தம் வந்தது.

“அட்டை மாதிரி நிக்குது லீலா. உள்ள நான் இல்லேன்னாலும் அதுபாட்டுக்கு நிக்கும்லா.”

சரி, பழையதாக்கினால் போயிற்று என்று ஒரு வாளி நிறையக் கெட்டித் தேயிலைத் தண்ணீர் காய்ச்சி அதில் ஊறவைத்தாள், கல்லில் அடித்தாள், அலசினாள், மறுபடி ஊறவைத்தாள். கைலி மெத்தென்றுதான் ஆனது. ஆனால் நிறம் பாசி பிடித்த சுவர் மாதிரி ஆகி, வாசனை போகவே மாட்டேன் என்றது.

“என்னையப் பாத்தா தேயிலைப் பை மாதிரியா இருக்கு?” என்று கேட்டுவிட்டு நல்லசாமி பழையபடி பள்ளிக்கூடக் கால்சட்டைக்குள் புகுந்துகொண்டார். மனிதர் நிஜமாகவே வாடித்தான் போயிருந்தார். கொல்லைக்குப் போவதில்லை. வெண்டை முற்றி விறகானது. லீலாவதிக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை, சரிந்து விழுந்த பாகல் கொடியையாவது கட்டலாம் என்று நூல் தேடி அவர் தையல் அறைக்குள் வந்தார். கட்டிலில் போர்வையின் மேல்துணி முப்பது சதுரங்களோடு விரித்துக் கிடந்தது.

நல்லசாமி குனிந்தார். ஒரு சதுரத்தைத் தடவினார். முகர்ந்தார்.

“லீலா. இது என் வாழைக்கறை.”

லீலாவதி தேள் கொட்டிய திருடன் போல நின்றாள். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் உசுரோட இருக்கும்போதே என்னைய வெட்டித் தைச்சிட்டியே.”

“தெரியாம நடந்துபோச்சுங்க.”

“என்னைய விடு. ரஹ்மத் அக்காவ நெனைச்சுப் பாத்தியா? பாய் கைலினு நெனைச்சு, என் கைலியவா அவங்க போத்திக்கிட்டுப் படுக்கிறது? நாளைக்குத் தெரிஞ்சா அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

லீலாவதிக்கு அதுவரை அந்தக் கோணம் தோன்றவே இல்லை.  தன் புருஷன் துணி என்று நம்பி ஒருத்தி முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொள்ளப் போகிறாள். அதில் அந்நிய ஆம்பிளையின் துணி இருப்பதா? இதைவிடப் பாவம் வேறு என்ன இருக்கிறது!

“நல்லாத் தெரியுமா உங்களுக்கு, இது உங்களதுதானா?”

“பதினோரு வருஷக் கறைலா! பெத்த பிள்ளைய அடையாளம் தெரியாதா?”

நல்லவேளை, இன்னும் பஞ்சு வைக்கவில்லை. வெள்ளி மத்தியானமே இருவரும் உட்கார்ந்து ஆறு சதுரங்களின் தையலையும் பிரித்தார்கள். ஓட்டையை எதை வைத்து அடைப்பது? பாய் கைலிகளில் மிச்சம் இல்லை. இருந்தது தேயிலைக் கைலி ஒன்றுதான். அதிலிருந்தே ஆறு சதுரம் வெட்டினாள். யாருமே கட்டாத கைலி, அதனால் யாருக்கும் பாவமில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிரித்த துண்டுகளைக் குப்பையில் போட நல்லசாமி விடவில்லை. “எனக்குச் சேர்த்துத் தைச்சுக் குடு.” ஆறு சதுரம், வெட்டியதில் மிச்சம், இடையிடையே ஒட்டு எல்லாம் சேர்த்துச் சனிக்கிழமை மத்தியானம் கைலி மறுபிறவி எடுத்தது. அதைக் கட்டிக்கொண்டு நல்லசாமி கொல்லையில் ஒரு சுற்று வந்தார். முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. “ம்ம், இதுதான். என் உடம்புக்கு இது பழகிப்போச்சு” என்றார்.

ஞாயிறு காலை ரஹ்மத் அக்கா வந்தாள். நாலு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். ஷஹீதா கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து உட்காரவைத்தாள். லீலாவதி போர்வையை அவள் மடியில் விரித்தாள்.

அக்கா ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டு போனாள். “இது பெருநாளைக்கு எடுத்தது... இது கோகிலன் கடையில வாங்கினது...” தேயிலைச் சதுரத்தில் கை நின்றது. எடுத்து முகர்ந்தாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

“தே வாசனை அடிக்குது லீலா. விடியக்காத்தால இருந்து தே தாரிக் ஆத்திக்கிட்டே நிப்பாகள்ல, அந்த வாசனைதான். மௌத்தாகி இத்தனை நாளாச்சு, இன்னும் போகல பாரு.”

லீலாவதியும் அழுதாள். அவள் அழுததற்குக் காரணம் வேறு.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையை மறுபடி ஒரு முறை தேடினாள். “பச்சைக் கட்டம் ஒண்ணு இருந்துச்சே? அதைக் காணோமே?”

“பச்சைக் கட்டமாக்கா?”

“ஆமா. எனக்கு அதுதான் முக்கியமே. அதைக் கட்டிக்கிட்டுத்தான் தினம் கடைப் பின்னால வாழையிலை அறுப்பாக. ஒரு பக்கம் பூரா வாழைக்கறை. நான் எத்தனை தேச்சும் போகல. ‘கெடக்கட்டும் புள்ள’ம்பாக.”

லீலாவதி போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். ஷஹீதா குறுக்கே வந்தாள். “அது ரொம்ப நைஞ்சிருக்கும்மா. ஆன்ட்டி போட்டிருக்க மாட்டாங்க. இல்ல ஆன்ட்டி?”

“ஆ... ஆமா. நைஞ்சு...”

“பரவால்ல விடு” என்றாள் அக்கா. சொன்ன விதத்தில் பரவாயில்லை என்பது கொஞ்சமும் இல்லை.

இந்த நேரம் பார்த்து, விருந்தாளிகளுக்கு இளநீர் வெட்டி எடுத்துக்கொண்டு கொல்லை வாசல் வழியாக நல்லசாமி வந்து நின்றார். இடுப்பில் பச்சைக் கட்டம். பக்கவாட்டில் வாழைக்கறை.

ரஹ்மத் அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைலியைத்தான் பார்த்தாள்.

“இது... என் கைலிக்கா” என்றார் நல்லசாமி, கேட்காத கேள்விக்கு. “பதினோரு வருஷமா இதேதான். கொஞ்சம் கிழிஞ்சிருச்சு, லீலா ஒட்டுப் போட்டுக் குடுத்தா.”

அக்கா மெல்லச் சிரித்தாள். “எல்லா ஆம்பிளையும் ஒரே மாதிரிதான் தம்பி. நீங்க நல்லபடியா கட்டிக்கிட்டு நூறு வருஷம் இருங்க.”

நல்லசாமி இளநீரை அவள் கையில் கொடுத்தார். லீலாவதி மனசுக்குள் எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னாள். ஜாபர் பாயின் பச்சைக் கட்டம் எங்கே போயிருக்கும், கூடையில் ஒன்றுதானே இருந்தது என்று நினைக்கத் தொடங்கியபோது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

விஜயராணி கையில் பிஸ்கட் பாக்கெட்டோடும், மடித்து இஸ்திரி போட்ட ஒரு துணியோடும் உள்ளே வந்தாள். வந்தவள் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அண்ணே, போன வாரம் கொடியில கெடந்தத உருவிப் பலாப்பழத்த சுத்தி எடுத்துக்கிட்டுப் போனேனே, இந்தா உன் பச்சைக் கைலி, துவைச்சுக் கொண்டாந்திருக்கேன், அந்த உலக மேப்புக் கறை மட்டும் போகல... ஆமா, அப்ப நீ கட்டியிருக்கிறது யாரோட கைலி?”