சாப்பிட்ட தட்டு

"இதெல்லாம் நடக்காதுங்க" என்றாள் மனைவி.

"நடக்கும். நடப்போம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி" என்றேன்.

பல் டாக்டர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், நான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மூன்று பேரும் மூன்று நாள் பெருநகரத்துக்குப் போய் நடப்பது, எண்ணெய் தொடாமல் நல்லதாகச் சாப்பிடுவது என்று தீர்மானம். தீர்மானத்தை நான்தான் எழுதினேன். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியும் வைத்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். பிழை பார்த்தே பிழைப்பவன். அந்தத் தாளில் ஒரு ஒற்றுப்பிழைகூடக் கிடையாது.

அவள் அதைப் படித்துவிட்டு வேறு ஒன்று கேட்டாள்.

"அவங்க ரெண்டு பேரும் என்னிக்காவது அவங்களா உங்களுக்குப் போன் பண்ணியிருக்காங்களா? எப்பவும் நீங்கதானே பண்றீங்க?"

"நட்புல யார் பண்ணா என்ன?"

"சரி. மூணு வேளையும் தட்டைப் படம் எடுத்து அனுப்புங்க. மூணு தட்டும்."

"அவங்க தட்டு எதுக்கு?"

"நீங்க காய்கறியை வாங்கி எனக்குக் காட்டிட்டு, அவங்க தட்டுல இருக்கற வறுவலை எடுத்துத் திம்பீங்க. அப்புறம், போட்ட தட்டு வேணாம். சாப்பிட்ட தட்டு. போட்ட தட்டை யாரு வேணா படம் எடுக்கலாம். சாப்பிட்ட தட்டுதான் பொய் சொல்லாது."

இடுப்பில் அடி எண்ணும் கருவியை அவளே மாட்டிவிட்டாள், தப்பித்துப் போகிற மாட்டுக்கு மணி கட்டுவதுபோல.

ரயிலை விட்டு இறங்கினேன். பல் டாக்டரிடமிருந்து செய்தி: 'சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள். நீங்கள் இருவரும் ஜமாயுங்கள்.' போஸ்ட்மாஸ்டரிடமிருந்து: 'முதுகு பிடித்துக்கொண்டது. நீங்கள் இருவரும் ஜமாயுங்கள்.' ஊரிலுள்ள எல்லோருக்கும் முப்பத்தைந்து வருடம் நேரத்துக்குச் செய்தி சேர்த்தவர். எனக்கு மட்டும் வண்டி வந்து சேர்ந்த பிறகு. நடக்கக் கூப்பிட்டவனின் காலையே வாரிவிட்டார்கள்.

அடுத்த வண்டியில் திரும்பியிருக்கலாம். திரும்பினால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் பயம். ஒன்றும் சொல்லாமல் தோசைக்கல்லைப் போடுவதுபோல ஏதாவது ஒரு வேலையைச் செய்வாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னைத் தேட யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்.

அறைக்குப் போனேன். மூன்று கட்டில். மூன்று துண்டு. மூன்று சோப்பு, ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. எந்தக் கட்டிலில் உட்காருவது என்று சற்று நேரம் நின்றேன். யாராவது 'அது என்னுடையது' என்று சண்டை போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

போன் அடித்தது.

"போய்ச் சேந்தாச்சா? டாக்டர் எங்க?"

"குளிக்கறான்."

"போஸ்ட்மாஸ்டர்?"

"அவனும் குளிக்கறான்."

"ரெண்டு பேரும் ஒரே குளியலறையிலயா?"

"வரிசையில நிக்கறான்னு சொல்ல வந்தேன்."

"சரி" என்றாள்.

இருபத்தேழு வருட அனுபவம் எனக்கு. அவள் 'சரி' என்றால் சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அந்தப் பிழை கண்ணில் படவில்லை.

உணவகத்தில் மூலை மேசை. "எத்தனை பேர் சார்?" என்றார் பரிமாறுகிறவர்.

"மூணு. காய்கறித் தட்டு மூணு."

கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அவங்க வந்ததும் கொண்டு வந்திருக்கலாமே சார், ஆறிடும்."

"வந்துடுவாங்க."

முதல் தட்டை எனக்காகச் சாப்பிட்டேன். நகர்ந்து உட்கார்ந்து இரண்டாவதை டாக்டருக்காக. டாக்டர் நிதானமாக மெல்லுவான் என்பதால் நானும் நிதானமாக மென்றேன். மூன்றாவதில் மூச்சு வாங்கியது. ஆரோக்கியமான சாப்பாட்டை மூன்று ஆள் அளவுக்குச் சாப்பிட்டால் ஆரோக்கியம் மும்மடங்கு ஆகிறதா என்று வைத்தியர்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று காலித் தட்டுகளையும் சேர்த்து வைத்துப் படமெடுத்து அனுப்பினேன்.

'சரி' என்று பதில் வந்தது.

நடந்தேன். உட்கார்ந்து பேச ஆள் இல்லாதவன் நடந்துதான் ஆகவேண்டும். பூங்காவில் மூன்று பெண்கள் கைகோத்து, பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு, யாரையோ திட்டிச் சிரித்தபடி வந்தார்கள். புல்லில் இறங்கி வழிவிட்டேன். அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு கிழிக்கிறவர், "ஒருத்தர்தானா?" என்றார். "பின்னால வராங்க" என்றேன். அவரும் எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் ஒரு பாலத்தின் நடுவில் நின்று, "தண்ணி கம்மியாத்தான் இருக்குடா" என்று சொன்னேன். யாரிடம் என்று எனக்கே தெரியவில்லை. கருவி பதினாறாயிரம் காட்டியது. இவ்வளவு பெரிய வெற்றியை யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நின்றவரிடம் காட்டினேன். மணி கேட்கிறேன் என்று நினைத்து மணி சொன்னார்.

மூன்றாம் நாள் பரிமாறுகிறவர் எதுவும் கேட்கவில்லை. மூன்று தட்டு வைத்தார். மூன்று தம்ளரிலும் தண்ணீர் ஊற்றினார். ஆள் இல்லாத இரண்டு நாற்காலிகளையும் சற்று இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மூன்று தம்ளர் தண்ணீரையும் நானே குடித்தேன். காய்கறிதான் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் வீடு திரும்பினேன்.

"எப்படி இருந்துது?"

"பிரமாதம். சிரிச்சுச் சிரிச்சு வயித்துவலி. அவங்க அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அப்படியா? உள்ள வாங்க."

சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டு. என் நாற்காலிக்கு முன்னால் ஒன்று, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, எதிரே அவளுடையது. எல்லாவற்றிலும் சோறு, பருப்பு, குடைமிளகாய்ப் பொரியல்.

"யாராவது வராங்களா?"

அவள் போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். முதல் நாள் படம்.

"பிழை திருத்தறவர்தானே? கண்டுபிடிங்க."

பார்த்தேன். மூன்று தட்டு. மூன்றும் காலி. மூன்றிலும் குடைமிளகாய்த் துண்டுகள் மட்டும் இடது ஓரத்தில், விளிம்பை ஒட்டி, பிறைபோல அடுக்கி ஒதுக்கப்பட்டிருந்தன.

"இருபத்தேழு வருஷமா இந்தத் தட்டைத்தான் கழுவறேன்" என்றாள். "உலகத்துல இப்படி ஒதுக்கற ஆள் ஒருத்தர்தான்."

"முதல் நாளே தெரியுமா?" என்றேன்.

"ம்."

"சொல்லியிருக்கலாமே."

"கூட ரெண்டு பேர் இருக்கற மாதிரி இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டேன்." போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். "நானும் மூணு நாளா ஒத்தத் தட்டுதான். கழுவறதுக்கே ஒண்ணும் இல்ல."

அவள் கையைத் தொடலாமா என்று நினைத்து என் கையை நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். ரயில் அழுக்கு.

"போதும். மூணு பேரும் போய்க் கை கழுவிட்டு வாங்க. இன்னிக்கு யாரும் எதையும் ஒதுக்கக் கூடாது."