பதிமூன்றாவது அவதாரம்

பன்னிரண்டு வீடுகள் உள்ள கட்டடத்தில் பதிமூன்று பேர் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

ஸ்டெர்யோஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார். பதிமூன்றுதான். கைப்பேசித் திரையில், பளிங்குத் தரை போட்ட மண்டபத்தில், பதிமூன்று பொம்மை மனிதர்கள் அசைந்து அசைந்து நின்றார்கள்.

கிரேக்க நாட்டின் வோலோஸ் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தக் கட்டடத்துக்கு அவர் பத்தொன்பது வருடமாக நிர்வாகி. சம்பளம் கிடையாது. ஆனால் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலன் அறையின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. மதியத் தூக்க நேரத்தில் ஆணி அடிப்பவனை அதட்டும் உரிமை இருந்தது. வாசல் கண்ணாடியில் அவர் கையெழுத்திட்ட அறிவிப்பு ஒன்றாவது ஒட்டப்படாத வாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேர்தல். இருபதாவது வருடமும் ஜெயித்துவிட்டால் நுழைவாசலில் தன் பெயரில் ஒரு பித்தளைப் பலகை. அதற்கான வாசகத்தைக்கூட எழுதி வைத்துவிட்டார்.

கீழே நடையில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்தினால் மூன்று பேர் வருவார்கள். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவராக இருப்பார். அதனால்தான் இந்த வருடம் கூட்டத்தைச் செயலிக்கு மாற்றினார். ஆளுக்கொரு அவதாரம் எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வரலாம். பேச வேண்டியதைத் தட்டச்சு செய்தால் தலைக்கு மேல் குமிழியில் தெரியும். யாரும் கத்த முடியாது என்பது கூடுதல் வசதி.

தன் அவதாரத்துக்காக அவர் இரண்டு மாலைப்பொழுதுகளைச் செலவிட்டிருந்தார். நெற்றியில் முடி திரும்பி வந்தது. தொப்பை போயிற்று. உயரம் அரை அடி கூடியது. கடைசியாக, தங்கப் பொத்தான் வைத்த கப்பல் தளபதியின் கோட்டு.

மனைவி எவந்தியா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "யாரு இது?"

"நான்தான்."

"சரி. கப்பல் எங்கே?"

மற்றவர்களும் சளைக்கவில்லை. மீன்கடை கோஸ்மாஸ் இரும்புக் கவசம் அணிந்த வீரனாக வந்தார். எண்பத்தொரு வயது ஃபோட்டினி அம்மா பாண்டா கரடியாக வந்தாள். பதிமூன்றாவதாக நின்றவள்தான் யாரென்று தெரியவில்லை. ஊதா நிற முடி, தோல் சட்டை, முழங்கால்வரை பூட்ஸ். தலைக்கு மேல் 'புயல்' என்று பெயர்.

முதல் கேள்வியே அவளிடமிருந்துதான் வந்தது.

"லிப்டு ஆறு மாசமா ரெண்டாவது மாடியில நிக்குது. உதிரிபாகம் ஜெர்மனியிலேருந்து நடந்தா வருது?"

பாண்டா கைதட்டியது.

"நீங்க எந்த மாடி?" என்று தட்டினார் ஸ்டெர்யோஸ்.

"லிப்டு ஓடட்டும், சொல்றேன்."

இரும்பு வீரனும் கைதட்டினான். ஸ்டெர்யோஸ் கூட்டத்தை ஒத்திவைத்தார்.

"யாரா இருக்கும்?" என்று அடுக்களைப் பக்கம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?" எவந்தியா கத்திரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் பேசறாளாமே. பால்கனிக்குப் பால்கனி அதே பேச்சு."

"அதுதான் பயமா இருக்கு."

மறுநாள் வாசல் கண்ணாடியில் அறிவிப்பு: அவரவர் அவதாரம் அவரவரைப் போலவே இருக்க வேண்டும். இதில் ஆள் மாட்டிக்கொள்வாள் என்பது திட்டம்.

அன்று மாலை எல்லோரும் தங்களைப் போலவே வந்தார்கள். அதாவது, தங்களைப் பற்றித் தாங்கள் நினைத்திருப்பது போலவே வந்தார்கள்.

"கோஸ்மாஸ், தொப்பையைக் கடையிலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றாள் பல் மருத்துவர் ரொதாந்தி.

"உன் மூக்குல பாதியைக் காணோமே அம்மா, அதை எங்க வச்சே?"

"ஃபோட்டினி அம்மா, நீங்க இன்னும் பாண்டாவா இருக்கீங்க," என்று அதட்டினார் ஸ்டெர்யோஸ்.

"என்னை மாதிரியே இருக்கணும்னுதானே சொன்னே? கண்ணுக்குக் கீழ கருப்பைப் பாரு. உடம்பைப் பாரு. வேற என்ன வேணும் உனக்கு?"

பிறகு யாரோ தளபதியின் பக்கம் திரும்பினார்கள். சட்டம் எல்லோருக்கும் பொதுதானே? பத்து நிமிட வாக்கெடுப்பில் கோட்டு போயிற்று, முடி போயிற்று, அரை அடி போயிற்று. தொப்பை ஒருமனதாகத் திரும்பி வந்தது. புயல் மட்டும் ஊதா முடியோடு அப்படியே நின்றாள்.

"நான் உள்ளுக்குள்ள இப்படித்தான். இன்னொரு விஷயம். ஞாயித்துக்கிழமை நானும் போட்டியிடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: கொதிகலன் அறையில மடக்குக் கட்டில் எதுக்கு?"

ஸ்டெர்யோஸுக்குக் காது சூடேறியது. அந்தக் கட்டிலைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. கொதிகலனைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகக் குறட்டை விடும் இடம் அது.

இப்போது பயத்தைவிட ஆவல்தான் அவரைத் தின்றது. எதிர்க் கட்டடத்து நிர்வாகி அனுப்பிய ஆளா? கொதிகலனுக்கு எண்ணெய் ஊற்ற வரும் லாரிக்காரனா? படிக்கட்டில் எதிர்ப்படும் ஒவ்வொருவரையும் ஊதா முடியோடு கற்பனை செய்து பார்த்தார். கோஸ்மாஸுக்குக்கூட அது ஒரு மாதிரி பொருந்தியது.

சனிக்கிழமை அடுத்த திட்டம். சரியாக ஆறு மணிக்கு வீட்டுக்கு ஒருவர் பால்கனிக்கு வந்து கையசைக்க வேண்டும். அதே சமயம் அவதாரமும் கையசைக்க வேண்டும். அவர் தெருவில் நின்று எண்ணுவார்.

"நம்ம வீட்டுக்கு நீ நின்னு கையாட்டு," என்று எவந்தியாவிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆறு மணிக்குப் பன்னிரண்டு பால்கனிகளிலும் ஒரு கையில் கைப்பேசி, மறு கை காற்றில். காப்பிக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பதிலுக்குக் கையசைத்தார்கள். ஒரு பேருந்து நின்றது. யாரோ பெரிய மனிதர் ஊர்வலமாக வருகிறார் என்று செய்தி பரவி, துறைமுகப் பக்கத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

ஸ்டெர்யோஸ் வியர்வையோடு திரையைப் பார்த்தார். அங்கே கையசைப்பவர்கள் பன்னிரண்டு பேர், புயல் உள்பட. கூட அவர் ஒருவர். பதிமூன்று. மேலே எண்ணினார்: பன்னிரண்டு பால்கனிகள், பன்னிரண்டு கைகள். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது, சேர்த்தால் இடித்தது.

எனவே ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். முதல் மாடி லூக்காஸ், அந்த வட்டாரத்துக்கே சொத்துப் பத்திரங்கள் எழுதி ஓய்வு பெற்றவர். இந்தக் கட்டடத்தின் பன்னிரண்டு பத்திரங்களும் அவர் எழுதியவைதான். கூச்ச சுபாவி, அவதாரத்தில்கூடப் பழுப்பு நிறக் கோட்டுதான்.

ஸ்டெர்யோஸ் முழங்கினார்: "விதி ஒண்ணு கொண்டு வரேன். பத்திரத்துல பேர் உள்ளவங்க மட்டும்தான் ஓட்டுப் போடலாம், போட்டியிடலாம். பேர் இல்லாத ஆள் அந்த நிமிஷமே மண்டபத்தை விட்டுப் போயிடணும். வாதம் கிடையாது, இரக்கம் கிடையாது. சம்மதமா?"

சம்மதம் என்று முதலில் எழுதியது புயல்தான். திமிரைப் பார், என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப வாசிக்கிறேன்," என்றார் லூக்காஸ். "பேர் வந்ததும் கையைத் தூக்குங்க. முதல் மாடி, நான். முதல் மாடி, கடல் பக்கம், கோஸ்மாஸ். ரெண்டாவது மாடி, ஃபோட்டினி..."

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பாண்டாவின் கை குண்டாக உயர்ந்தது. ஸ்டெர்யோஸின் கண் புயலை விட்டு விலகவில்லை. இதோ, இன்னும் சில நிமிடங்கள்.

"மூணாவது மாடி, கடல் பக்கம்," என்றார் லூக்காஸ்.

ஸ்டெர்யோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு கை தூக்கும் பொத்தானில் விரலை வைத்தார்.

"எவந்தியா. கல்யாணத்துக்கு அவங்க அப்பா எழுதிக் கொடுத்தது."

ஊதா முடிக்காரியின் கை உயர்ந்தது. அடுக்களையில் குழாய் நின்றது.

அது மாமனார் கொடுத்த வீடு என்பது ஸ்டெர்யோஸுக்குத் தெரியாதது அல்ல. பத்தொன்பது வருடத்தில் நினைத்துப் பார்க்கத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். விரல் பொத்தான் மேலேயே நின்றது. லூக்காஸ் நாலாவது மாடிக்குப் போனார், அஞ்சாவதை முடித்தார், ஆறாவதில் ரொதாந்தியும் கையைத் தூக்கினாள்.

"பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கை, கணக்கு சரியா இருக்கு," என்று எழுதினார் லூக்காஸ். பிறகு, தயங்கித் தயங்கி, பழுப்புக் கோட்டின் தலைக்கு மேல் இன்னொரு குமிழி எழுந்தது. "ஆக, இத்தனை நாளா நீங்க தேடின அந்த வெளியாள் நீங்கதான், ஸ்டெர்யோஸ் ஐயா."