இரட்டைக் கழுத்து கிற்றாருக்கு நான் போட்ட அடிப்பலகை

வாழ்நாளில் ஒரு ஆணிகூட நேராக அடித்தறியாதவனுக்குத்தான் தச்சு வேலையில் அபிப்பிராயம் அதிகம். நானோ மரவேலை பற்றி மூன்று புத்தகம் வாசித்தவன்.

கனடாவில் இருக்கும் என் மனைவியின் தம்பி ஜெரோம் பெடல் ஸ்டீல் கிற்றார் வாசிப்பான். (தோளில் மாட்டும் சாமான் அல்ல; மேசைபோல் நாலு காலில் நிற்கும். மேலே இரண்டு கழுத்து, கழுத்துக்குப் பத்துக் கம்பி. பெடலை மிதித்தால் கம்பியின் சுருதி மாறும்.) என் மாமனாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அதை வாசிக்க ஆசைப்பட்டான். மகன் வாசித்து அவர் நேரில் கேட்டதேயில்லை. இரும்புச் சாமான்களை அவன் கொண்டுவருவான். மர உடலை இங்கே செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் வந்தது. மேற்பார்வை நான்.

குருநகரில் வள்ளம் கட்டும் மரியதாஸ், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், வேலையை எடுத்தார். நன்றாகக் காய்ந்த முதிரைப் பலகை மேல்தளம். முன்னும் பின்னும் பக்கப் பலகைகள். மூலைகளில் விரலோடு விரல் கோர்த்ததுபோல் பூட்டியிருந்தார்.

"இருபது கம்பியும் இழுக்கேக்கை உடம்பு ஒரு மயிரளவு வளைஞ்சாலும், மிதிக்காத கம்பியிலையும் சுருதி இறங்குமாம். ஜெரோம் அண்ணை சொன்னவர்" என்று சொல்லி, விரல் மொளியால் ஒரு தட்டுத் தட்டினார். பலகையில் கை வைத்திருந்தேன். ஒலி முழங்கைவரை ஏறியது. பூட்டிய மூலையைத் தடவினேன், ஒரு பலகை எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. கோயிலில்கூட நான் அவ்வளவு அடக்கமாக நின்றதில்லை.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பலகை இல்லை. பக்கங்களில் பதினாறு ஓட்டை.

"என்ன தம்பி, முடிக்கேல்லையே?"

"முடிஞ்சுது. படத்திலை உப்பிடித்தான் கிடக்கு."

"படம் பிழை. வாத்தியத்துக்குள்ளை காத்து நிக்க வேணும். அடியை மூடி, ஓட்டையளை அடையும்." (இரண்டாம் புத்தகம், வீணை பற்றிய அத்தியாயம்.)

மரியதாஸ் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்கள் சொன்னால் சரி அண்ணை."

பிறந்தநாளுக்கு முதல்நாள் ஜெரோம் வந்து இறங்கினான். மாமா அப்போதே கதிரை போட்டு முன்வரிசை பிடித்துவிட்டார். ஜெரோம் உடலைக் கவிழ்த்தான். பக்கங்களை விரலால் தடவித் தேடினான்.

"அத்தான், பெடலிலையிருந்து கம்பிக்குப் போற தண்டெல்லாம் இதுக்குள்ளாலைதான் ஓட வேணும். ஓட்டை எங்கை?"

"அடைச்சாச்சு."

"அப்ப நாளைக்கு வாசிப்பு இல்லையே?" என்றார் மாமா. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

உடலை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் குருநகருக்கு ஓடினோம். மரியதாஸ் நாலு திருகாணியைக் கழற்றி, அடிப்பலகையைச் சட்டிமூடிபோல் தூக்கினார். பக்கத்தில் தட்டத் தட்ட, அடைத்த மரமுளைகள் புளியங்கொட்டை மாதிரி உதிர்ந்தன.

"பசை பூசேல்லை அண்ணை. வாசிக்கிற ஆள் வந்து ஓட்டையைத் தேடுவாரெண்டு தெரியும்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் புத்தகம் வாசிச்ச ஆள்."

மறுநாள் ஜெரோம் வாசித்தான். மாமா கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்கும்வரை அந்த முதிரையில் உள்ளங்கையை வைத்திருந்தார். நான் பலகைகள் பூட்டிய மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

இப்போதும் வீட்டில் உழுந்துவடை சுட்டால் தட்டு என் பக்கம் வரமுன் மாமா மறித்துவிடுவார்.

"மருமோனிட்டைக் குடுக்காதை பிள்ளை. ஓட்டையை அடைச்சுப்போடுவர்."