அம்மன் தேரும் என் பிரேக் சுவிச்சும்

எனக்குக் கை சும்மா இருக்காது. பேனா கிடைத்தால் மூடியைக் கழற்றுவேன், ரேடியோ கிடைத்தால் முதுகைத் திறப்பேன். திறந்ததை ஒழுங்காக மூடியதாகச் சரித்திரம் இல்லை. இப்படிப்பட்டவன் வாங்கக்கூடாத ஒரே பொருள் பழைய லொறி. நான் அதைத்தான் வாங்கினேன்.

அதை ஒரு லொறி என்று சொல்வதே தப்பு. எஞ்சின் ஒரு வண்டியுடையது, பெட்டி இன்னொன்றுடையது, பின்பக்கச் சிவப்பு விளக்குகள் எப்போதோ செத்துப்போன வேறொரு லொறியுடையவை. ஹேண்ட் பிரேக் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, அது எதையும் பிடித்ததும் இல்லை. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். (நான் 'நம்ம லொறி' என்பேன். என் மனைவி ரஞ்சனி 'உங்க லொறி' என்பாள்.)

அது கல்யாணமான முதல் வருஷம். ரஞ்சனியின் ஊர் கித்துல்கல பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அவளுடைய அப்பாதான் தோட்டத்துக் கோவில் தலைவர். திருவிழாவில் அங்கே தேர் என்றால் லொறிதான். வாழைமரம் கட்டி, அம்மனை ஏற்றி, தொழிலாளர் வரிசை வீடுகள் வழியே லயம் லயமாக நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் அர்ச்சனைத் தட்டு காத்திருக்கும். வழக்கமாக வரும் லொறி அந்த வருஷம் வராது என்று தெரிந்ததும், கூட்டத்தில் யாரும் கேட்காமலே நான் எழுந்து நின்றேன்.

"நான் இருக்கேன்ல மாமா!"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "லொறி ஒழுங்கா இருக்கா மாப்பிள? அம்மன் விஷயம். நம்ம குடும்பத்துப் பேரு கெட்டுறக் கூடாது."

"புது லொறி மாதிரி மாமா."

பிரேக் லைட் எரியாது என்பதைச் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் ஒரு பொலிஸ்காரர் நிறுத்தி, "மல்லி, பிரேக் லைட் நேனே" என்று சிங்களத்தில், பிரேக் லைட் இல்லையே தம்பி என எச்சரித்து அனுப்பியிருந்தார். பல்பை மாற்றினேன், எரியவில்லை. ஃபியூஸை மாற்றினேன், எரியவில்லை. ஒயரை மாற்றினேன், ஹோர்ன் அடித்தால் வைப்பர் ஓடியது. அதைப் பழையபடி ஆக்கவே பாதி நாள் போனது. மிச்சம் இருந்தது பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சின்னச் சுவிச்சு. மாவனல்லையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒன்றைத் தேடி எடுத்தார்.

"இது வேற வேன்ட சுவிச்சு தம்பி. மரை பொருந்தும். எரியிறது அணையிறது எப்பிடின்டு மாட்டிப் பாத்துக்கோங்க."

மரை பொருந்தும் என்றதுமே நான் படியிறங்கிவிட்டேன்.

மாட்டியது திருவிழா அன்று மத்தியானம். தலை டேஷ்போர்டுக்கு அடியில், கால்கள் கதவுக்கு வெளியே. ரஞ்சனி பின்னால் நின்றாள்.

"எரியுதா?"

"எரியுதுங்க!"

துள்ளியதில் தலை ஸ்டியரிங்கில் இடித்தது. பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் வெளியே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போது பிரேக் லைட் ஏன் எரிகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்க எங்கே நேரம்? கை அடுத்த வேலைக்குப் பரபரத்தது. அம்மனுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசியைச் சுற்றி லைட் கட்ட வேண்டும். ஜெனரேட்டர் வேண்டாம், அது போடும் சத்தத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்காது என்று அதையும் நானே தள்ளிவிட்டிருந்தேன். பின்பக்கம் நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கின் ஒயரிலிருந்தே திருவாசிக்குக் கரண்ட் எடுத்து டேப் சுற்றினேன். ஜொலித்தது.

பொழுது சாயும் நேரம் தேர் கிளம்பியது. மேட்டு லயத்தின் முதல் வாசலில் பிரேக் பிடித்தேன். பின்னால் "ஐயோ" என்று ஒரு சத்தம்.

"அம்மன் இருட்டாயிட்டா!"

பதறிப்போய்க் காலை எடுத்தேன். லொறி நகர்ந்தது, வெளிச்சம் வந்தது. அடுத்த வாசலில் நிறுத்தினேன், மறுபடி இருட்டு. அப்போது கூட்டத்தில் வந்த ராசம்மா அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது.

"நிப்பாட்டாதீங்கடா! எனக்கு நிக்க இஷ்டமில்ல!"

அம்மனே சொன்ன பிறகு யார் நிறுத்துவது? தேர் நிற்காமல் போனது. சனம் தேங்காய்த் தட்டோடு பின்னால் ஓடியது. பூசாரி லொறியில் தொங்கிக்கொண்டே ஓடுகிறவர்களிடம் தட்டு வாங்கினார். தப்படிக்கிறவர்கள் அடிப்பதா ஓடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள்.

எனக்கு மெல்ல மெல்லச் சந்தேகம் வந்தது. கண்ணாடியைப் பார்த்தபடி பெடலை லேசாகத் தட்டினேன். இருட்டு. "தாயே!" என்று கூட்டம் கத்தியது. காலை எடுத்தேன், வெளிச்சம். மறுபடி தட்டினேன். "தாயே! தாயே!" அப்போதுதான் புரிந்தது. சுவிச்சு தலைகீழாக வேலை செய்கிறது. மிதித்தால் அணைகிறது, விட்டால் எரிகிறது.

அடுத்தது கீழே இருக்கும் பணிய லயம், சரிவின் நடுவில் மாமா வீடு. தலைவர் வீட்டில் நிற்காமல் போக முடியாது. மாமா பட்டு வேட்டியில், கையில் தட்டோடு நடு ரோட்டில் நின்றார். மிதித்தேன். அம்மன் அணைந்தாள். தப்பும் நின்றது.

"தலைவர் வீட்டுல என்னமோ குத்தம் இருக்கு" என்றது ஒரு குரல். எல்லோருக்கும் கேட்டது.

ஊரையே அதட்டும் மாமா தட்டைக் கீழே வைத்துக் கும்பிட்டார். "தாயே, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மனுஷன் ஒரு தப்பும் செய்யவில்லை, என்னை நம்பியதைத் தவிர.

ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினேன். "மாமா, நீங்க ஒண்ணும் செய்யல! தப்பு என்னோடது! லொறி ஒழுங்கா இல்ல, நான் பொய் சொன்னேன்! கல்லு வைங்க, எறங்கி வந்து சொல்றேன்!"

யாரோ சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். நான் காலை எடுத்துக் குதித்தேன்.

அம்மன் பளீரென்று எரிந்தாள்.

சனம் போட்ட சத்தம் கித்துல்கல டவுன் வரைக்கும் கேட்டிருக்கும். ராசம்மா அக்கா, "ஒத்துக்கிட்டான்! மன்னிச்சிட்டேன்!" என்று என் நெற்றி நிறைய விபூதி பூசினாள். நான் சுவிச்சு, ஒயர், மரை என்று விளக்க வாயைத் திறந்தபோதெல்லாம் வாயிலும் கொஞ்சம் விபூதி விழுந்தது. மாமா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

மறுநாள் காலையிலேயே சரியான சுவிச்சு மாட்டினேன். அது யாருக்கு வேண்டும்? அன்றிலிருந்து வருஷா வருஷம் பரிகாரமாகத் தீச்சட்டி எடுக்கிறேன். என் லொறிதான் இப்போதும் தேர். ஓட்டுவது வேறு ஆள்.

வீட்டில் விஷயம் புரிந்தது ரஞ்சனிக்கும் அத்தைக்கும்தான். கரண்ட் போனால் இருட்டில் அத்தையின் குரல் வரும்: "மாப்பிள, பிரேக்குல இருந்து கால எடுங்க." ரஞ்சனி சிரிப்பாள். மாமா மட்டும் சிரிக்கமாட்டார்.

போன மாசமும் அப்படித்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. இருட்டில் மாமா தொண்டையைச் செருமினார்.

"என்னத்த மறைக்கிறீங்க மாப்பிள? சொல்லிருங்க."

மாவனல்லையிலிருந்து வந்த வட்டிலப்பம் காணோம் என்று வீடே காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தது.

"நான்தான் மாமா தின்னேன்" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, கரண்ட் வந்துவிட்டது. மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.